தோட்டத்து வீடுகளின் மருத்துவச் செலவு ஏன் இவ்வளவு குறைவு? அம்மாவுக்குக் காப்புறுதி எடுக்கலாமா?

இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போயிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: “வீட்டு வருமான, செலவு ஆய்வில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று பிரிவுகள் இருக்கின்றன. சுகாதாரத்துக்கு மிகக் குறைவாகச் செலவழிப்பது தோட்டப் பிரிவுதான். இலவச மருத்துவம் நமக்கு நன்றாகக் கிடைக்கிறது என்றுதானே இதற்குப் பொருள்? அமெரிக்காவில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மருத்துவக் காப்புறுதி வைத்திருக்கிறார்கள். கூடலூரில் இருக்கும் என் பெரியப்பா வீட்டிலும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. நம்மிடம் எதுவும் இல்லை. இப்போது ஒரு முகவர் எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வந்து, அம்மாவின் பெயரில் மருத்துவப் பொலிசி எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?”

தம்பி, பொலிசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முகவர் காட்டுவது ஆஸ்பத்திரிப் பில்லைத் திருப்பித் தரும் பொலிசி மட்டும்தான் என்றால், அம்மாவுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அம்மா போகப்போவது அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. அங்கே பில்லே கிடையாது. இல்லாத பில்லை எந்தக் கம்பனி திருப்பித் தரும்? அப்படியானால் அம்மாவுக்கு நோயால் பண நட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். நட்டம் நிறைய இருக்கிறது. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்கு நீங்கள் காட்டிய புள்ளிவிபரமே நல்ல சாட்சி.

அந்த ஆய்வை நடத்துவது தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம். 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி ஒரு வீட்டின் சராசரி மாத வருமானம் நாட்டளவில் 76,414 ரூபா. நகரத்தில் 116,670, கிராமத்தில் 69,517, தோட்டத்தில் 46,865. சராசரியை அப்படியே நம்பிவிடக் கூடாது. நாட்டிலுள்ள வீடுகளையெல்லாம் வருமானப்படி வரிசையாக நிறுத்தினால் சரிநடுவில் நிற்கும் வீட்டின் வருமானம் அதே ஆண்டில் 53,333 ரூபாதான். மேல்தட்டிலுள்ள கொஞ்ச வீடுகள் சராசரியை அவ்வளவு தூரம் இழுத்துவிடுகின்றன. மருத்துவச் செலவில் இந்த இழுப்பு இன்னும் கடுமை. பெரும்பாலான வீடுகளில் ஒரு மாதத்தில் சில நூறு ரூபா போகும். கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் பைபாஸ் செய்துகொண்டவரின் வீடு ஒன்று மாதிரியில் விழுந்தால் கணக்கே மாறிவிடும். ஆகவே நகரத்தின் சராசரியையும் தோட்டத்தின் சராசரியையும் அருகருகே வைத்து, அவர்களுக்கு நோய் அதிகம், நமக்குக் குறைவு என்று வாசிக்க முடியாது. அவர்களிடம் செலவழிக்கப் பணம் இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் முதலில் சொல்கிறது.

அடுத்தது, சுகாதாரச் செலவு என்ற தலைப்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அறிக்கையின் சுருக்க அட்டவணைகளில் அது தனிநபர் பராமரிப்போடு சேர்ந்தே வருகிறது; சவர்க்காரமும் பனடோலும் ஒரே கட்டத்தில். ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோவின் வாடகையோ போக்குவரத்துக் கட்டத்துக்குப் போய்விடுகிறது. அன்று விழாமல் போன பேருக்கு, அதாவது வேலைக்குப் போகாததால் இழந்த நாள் கூலிக்கு, கட்டமே கிடையாது. 2024 செப்டம்பர் வர்த்தமானி நிர்ணயித்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்குப் பார்ப்போம். அம்மா நீரிழிவுக் கிளினிக்குக்கு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விட்டது. கண் மங்கலாகிவிட்ட அம்மாவோடு துணைக்கு உங்கள் அக்காவும் போனால் இரண்டு நாள் கூலி. ஒரு குளிசைகூட வாங்காமல், ஒரு பஸ் டிக்கெட்கூட எடுக்காமல் 2,700 ரூபா கரைந்திருக்கிறது. இது மாதாமாதம் நடக்கும். ஆய்வின் கணக்கில் இதற்கான மருத்துவச் செலவு: பூச்சியம்.

வீட்டுக் கணக்கெடுப்புகளோடு நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். லயத்து வாசலில் உட்கார்ந்து, போன மாதம் மருந்துக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேட்டால், முதலில் வரும் பதில் பெரும்பாலும், “ஒன்றும் இல்லை ஐயா, ஆஸ்பத்திரியில் சும்மாதான் கொடுத்தார்கள்” என்பதுதான். பொய் இல்லை, கேள்வியை அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் பிறகு கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அலமாரியின் மேல்தட்டில் பத்திரமாக இருக்கும். பக்கங்களுக்கு நடுவில் உள்ளங்கை அளவு துண்டுக் கடதாசிகள் செருகியிருக்கும்; ஆஸ்பத்திரியில் கையிருப்பில் இல்லாததால் வெளியில் வாங்கிக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தவை. மருந்தின் பெயர், நாளுக்கு எத்தனை, எத்தனை நாளைக்கு. அதன் மேல் டவுன் பாமசிக்காரர் பேனையால் போட்ட ஒரு வட்டம் இருக்கும். உள்ளே 10 என்று எழுதியிருக்கும். முப்பது குளிசை எழுதிய இடத்தில் பத்துதான் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மிச்சம் இருபது? அடுத்த சம்பளத்துக்குப் பார்க்கலாம் என்று விட்டது. அந்தப் பத்தின் விலை ஆய்வில் பதியலாம், பதியாமலும் போகலாம். வாங்காமல் விட்ட இருபது ஒருநாளும் பதியாது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரைக்கும் ஏறியபோது இறக்குமதி மருந்தின் விலையும் கூடவே ஏறியது. இந்தத் துண்டுக் கடதாசிகளும் கொப்பிகளுக்குள் தடித்தன.

பூச்சியம் என்று எழுதப்பட்ட வீட்டில் மூன்று விதம் உண்டு. நோயே வராத வீடு ஒன்று. நோய் வந்து, அரசாங்க ஆஸ்பத்திரியில் செலவில்லாமல் குணமான வீடு இன்னொன்று. நோய் வந்தும் போகாமல் விட்ட வீடு மூன்றாவது. அட்டவணையில் மூன்றும் ஒன்றுதான். தோட்டப் பிரிவில் எந்த விதம் கனக்கிறது என்பதற்கு வேறு எண்களிடம் போக வேண்டும். 2016ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டளவில் 17.3 சதவீதம், தோட்டத்தில் 31.7. வருமான வறுமை 2019இல் நாட்டளவில் 14.3 சதவீதம், தோட்டத்தில் 33.8. கல்வி, சுகாதாரம், வீட்டு வசதி எல்லாம் சேர்த்துப் பார்க்கும் பல்பரிமாண வறுமை நாட்டில் 16, தோட்டத்தில் 51.3. ஆரோக்கியத்தால் செலவு குறைந்த சமூகத்தின் எண்களா இவை? நீங்களே சொல்லுங்கள்.

இதற்காக இலவச மருத்துவத்தைக் குறைசொல்லிவிடாதீர்கள். நம் பக்கத்தில் சிலருக்கு அது ஒரு நாகரிகமாகிவிட்டது. 1951இல் அரச ஆஸ்பத்திரிகளில் கட்டணம் எடுத்துவிடப்பட்டது. 1971க்கும் 1977க்கும் இடையில் சிறு கட்டணம் ஒன்று வந்து போனதைத் தவிர, இன்றுவரை அப்படியே இருக்கிறது. நாட்டில் வாட்டில் தங்கிச் சிகிச்சை பெறுபவர்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தினரை அரச ஆஸ்பத்திரிகள்தான் பார்க்கின்றன. கண்டித் தேசிய வைத்தியசாலையில் இருதயச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு லயத்துக்குத் திரும்பிய கொழுந்துக்காரியிடம் யாரும் பில் கேட்பதில்லை. தனியாரிடம் பணம் போவது பெரும்பாலும் வெளிநோயாளர் பக்கத்தில்: சேனலிங் (காசு கட்டி வைத்தியரைத் தனியாகப் பார்ப்பது), இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருந்து. நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ பாதி மக்களின் சட்டைப்பையிலிருந்து போகிறது என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாதியில் பெரும் பங்கு வசதியுள்ள வீடுகளுடையது. 1977 முதல் அரச வைத்தியர்கள் மாலையில் தனியாராகப் பார்க்க அனுமதி இருக்கிறது. காசுள்ளவர் மாலையில் பார்க்கிறார், இல்லாதவர் காலையில் வரிசையில் நிற்கிறார். வைத்தியர் ஒருவரேதான்.

இனி அமெரிக்கா. 2023இல் அங்கே சுகாதாரத்துக்குச் செலவானது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 17.6 சதவீதம், ஆளுக்கு 14,570 டொலர். இலங்கையில் மொத்தமும் சேர்த்து 4 சதவீதம் அளவில், ஆளுக்கு 150 முதல் 170 டொலர்வரை. அங்கே சராசரி ஆயுள் 78 ஆண்டுகள் சொச்சம். இங்கே 76, 77. இவ்வளவு பணம் கொட்டியும் 2023இல் 2 கோடியே 60 இலட்சம் பேருக்கு எந்தக் காப்புறுதியும் இல்லை. அது மக்களில் 8 சதவீதம். மற்ற 92 சதவீதம்தான் நீங்கள் கண்ட எண். அதை நம் நாட்டோடு ஒப்பிடுவது சரிவராது. அமெரிக்காவில் காப்புறுதி இருந்தால்தான் ஆஸ்பத்திரி வாசலை அச்சமில்லாமல் மிதிக்கலாம். இங்கே அந்த வாசல் எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. பிரச்சினை, வாசல்வரை போய்ச் சேருவது. ஆகவே இலங்கையில் எத்தனை வீதத்தினரிடம் பொலிசி இருக்கிறது என்ற கணக்கு, எத்தனை வீதத்தினருக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்பதைச் சொல்லாது. இருக்கும் காப்புறுதியும் யாரிடம் என்று பார்த்தால் விளங்கும்: அரச ஊழியர்களுக்கு ‘அக்ரஹார’, பெரிய கம்பனி ஊழியர்களுக்குக் குழுக் காப்புறுதி. ஏற்கெனவே மாதச் சம்பளம் உறுதியாக உள்ளவர்களுக்கே மேலும் ஒரு பாதுகாப்பு.

கூடலூர்ப் பெரியப்பாவின் அட்டை வேறு கதை. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிய நம் ஆட்களில் பலர் நீலகிரியில் குடியேறினார்கள். அவர்கள் கையில் இருப்பது தமிழ்நாட்டின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. 2009இல் தொடங்கி, 2012இல் மாற்றியமைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம்வரை. தனியார் ஆஸ்பத்திரியிலும் செல்லும். நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் தங்கிச் செய்யும் சிகிச்சைகளுக்கானது. பெரியம்மா ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய பிரஷர் குளிசைக்கு அது செல்லாது. இந்திய அளவில் மக்கள் கையிலிருந்து போகும் பங்கு 2013–14இல் 64.2 சதவீதமாக இருந்து 2021–22இல் 39.4 ஆகக் குறைந்ததாக அரசின் தேசியச் சுகாதாரக் கணக்கு சொல்கிறது. இலங்கையின் பங்கும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. எண்கள் கிட்டக்கிட்ட நின்றாலும் உள்ளே இருப்பது வேறு: அங்கே ஏழைக் குடும்பத்தைக் கடனில் தள்ளியது ஆஸ்பத்திரிப் பில். நம் பக்கத்தில் தள்ளுவது போக்குவரத்து, விழாத பேர், வெளியில் வாங்கும் மருந்து.

நம் மக்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தூரம் என்று கேட்டால் கதை நீளம். 1912இல் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளியின் மருத்துவத்தைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. அப்போது அது முன்னேற்றம். ஆனால் அதன் விளைவாக, தோட்டத்து நோயாளி துரையின் பொறுப்பு, அரசாங்கத்தின் பொறுப்பல்ல என்ற நினைப்பு நிலைத்துவிட்டது. கிராமங்களில் இலவச ஆஸ்பத்திரிகள் பெருகிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு எம்.பி.யும் தன் தொகுதிக்கு ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று முட்டிமோதினார். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம் ஆட்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. வாக்கில்லாதவருக்காக யார் முட்டிமோதுவார்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போனது. தோட்டத்து டிஸ்பென்சரி பல இடங்களில் இன்னும் ஒரு வைத்திய உதவியாளரோடுதான் நிற்கிறது. தோட்டத்துக்குள் ரோட்டுப் போடப் பிரதேச சபைக்கு இருந்த தடை நீங்கியதே 2018 சட்டத் திருத்தத்தில்தான். பிரசவ வலியோடு லொறியின் பின்பக்கத்தில் இறங்கிப் போன பெண்களின் கதை ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறது. அந்த ரோட்டுக்கும் சுகாதாரச் செலவுக்கும் தொடர்பில்லை என்று எந்தக் கணக்காளர் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பின்னாட்களில் சில நல்லவை நடந்திருக்கின்றன. இந்திய உதவியில் கட்டிய டிக்கோயா ஆஸ்பத்திரி 2017இல் திறக்கப்பட்டது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வருகிறது. ரோடு விட்டால் லயம்வரை வரும்.

நம்மிடம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதையும் மறுக்கிறேன். மரண சகாய சங்கம் இல்லாத தோட்டம் எங்கே? பெண்கள் பிடிக்கும் சீட்டு எதற்கு? அவசரத்துக்கு ஹட்டன் அடகுக் கடைக்குப் போகும் தோடு எதற்கு? இவையெல்லாம் புள்ளிவிபரத்தில் காப்புறுதி என்று பதியப்படாத காப்புறுதிகள். குறை என்னவென்றால், அடகு வட்டி ஏறும். சீட்டு எடுக்கும் முறை வந்தால்தான் கையில் பணம். நோய்க்கு முறை தெரியாது.

இனி முகவரிடம் என்ன கேட்பது? பொலிசியில் ஆஸ்பத்திரியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை தரும் ஏற்பாடு இருக்கிறதா, அது அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் செல்லுமா, அதைத்தான் முதலில் கேளுங்கள். அம்மாவின் உண்மையான நட்டம் விழாத பேர். அதை ஓரளவாவது ஈடுசெய்வது இந்த நாட்படிதான். எத்தனையாவது நாளிலிருந்து கொடுப்பார்கள் என்பதையும் கேளுங்கள். இரண்டு நாள் தங்கி வீடு திரும்பும் நோயாளிக்கு மூன்றாம் நாளிலிருந்து படி என்றால் என்ன பயன்? ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கும் பிரிவு கட்டாயம் இருக்கும். அம்மாவுக்கு நீரிழிவு உண்டு என்றால் அதனால் வரும் கண், சிறுநீரக, கால்புண் சிக்கல்கள் அதில் அடிபட்டுப் போகலாம். நோயை மறைத்துக் கையெழுத்துப் போட முகவர் சொன்னால் அவரை அப்படியே அனுப்பிவிடுங்கள். கோரிக்கை வைக்கும் நாளில் கிளினிக் கொப்பியே அம்மாவுக்கு எதிரான சாட்சியாகிவிடும். வேலை நாள் குறைந்த மாதத்தில் தவணை கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதும் முக்கியம். மழைக்காலத்திலும் வரட்சியிலும் சம்பளச் சீட்டு சுருங்குவது முகவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

பொலிசிக்குக் காசு கட்டும் முன், ஏற்கெனவே அம்மாவின் பெயரில் கட்டப்பட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தோட்டம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தன் பங்காகக் கட்ட வேண்டும். அந்த நிதியம் ஓய்வின்போது எடுக்கும் சேமிப்பு மட்டுமல்ல. உறுப்பினருக்கு இருதயச் சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்வில்லை பொருத்துதல் போன்றவற்றுக்கு உதவித்தொகை உண்டு. கண் மங்கலாக இருக்கும் உங்கள் அம்மாவுக்கு இது நேரடியாகப் பயன்படலாம். தோட்டத்தில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை; தெரிந்து போனவர்களில் பலரும் பெயர்ச் சிக்கலில் திரும்பி வருகிறார்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, நிதியக் கணக்கில் இன்னொரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது. அதை நோய் வருவதற்கு முன் திருத்திவையுங்கள். வெளியில் வாங்கும் மருந்துக்கும் கண்வில்லைக்கும் பில் கேட்டு வாங்கி அதே கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். மலையில் குளவி கொட்டியோ வழுக்கி விழுந்தோ காயம் என்றால் அது வேலைத்தல விபத்து. 1934ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நிர்வாகம் பதில்சொல்ல வேண்டிய விடயம், அம்மாவின் கைக்காசிலோ பொலிசியிலோ முடித்துக்கொள்ள வேண்டியதல்ல. பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஜனாதிபதி நிதியத்தின் உதவிக்கு இப்போது கொழும்புக்கு அலையத் தேவையில்லை. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். பள்ளிக்கூடம் போகும் தம்பி, தங்கை இருந்தால் ‘சுரக்ஷா’ மாணவர் காப்புறுதியைப் பற்றி அதிபரிடம் கேளுங்கள். 2017இல் தொடங்கி, இடையில் நின்று, 2024இல் திரும்ப வந்தது.

இவையெல்லாம் பார்த்த பிறகும், அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் செல்லும் நாட்படியோடு, அம்மாவின் வயதுக்கும் நோய்க்கும் பொருந்துகிற பொலிசி கிடைத்து, தவணை ஒரு மாதத்தில் ஒரு நாள் கூலியைத் தாண்டாது என்றால் எடுக்கலாம். தாண்டினால், அந்தப் பணத்தை அம்மாவின் பெயரில் வங்கியில் தனியாகப் போடுவதையே நான் விரும்புவேன். முப்பது குளிசை எழுதினால் முப்பதையும் வாங்கலாம். முகவர் கொடுத்த தாள்களில் விலக்குகள் என்று தலைப்பிட்ட பக்கம் ஒன்று இருக்கும், பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ. அதன் படத்தை அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன். அதுவரை அம்மா எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.